டிரம்மில் ஒட்டிய நட்சத்திரப் படம்: மரபணுவைத் தாக்கும் ரசாயனங்களை எப்படி வகைப்படுத்துகிறார்கள்?

ஜுருவிலும் பிறையிலும் தொழிற்சாலை வேலைக்குப் போகிறவர்கள் ரசாயன டிரம்களிலும் சிலிண்டர்களிலும் சிவப்புக் கட்டத்துக்குள் சில படங்களைப் பார்த்திருப்பார்கள். தீ எரியும் படம் யாருக்கும் புரியும். கையில் சொட்டு விழுந்து தோலை அரிக்கும் படமும் புரியும். மண்டை ஓட்டுக்கு விளக்கமே தேவையில்லை. இன்னொரு படம் இருக்கிறது. ஒரு மனிதனின் மேல்பாதி உருவம்; அதன் நெஞ்சில் நட்சத்திரம் வெடித்ததுபோல் வெள்ளைக் கீறல். நெஞ்சு வலியைச் சொல்கிறது போலிருக்கிறது என்று பலரும் கடந்து போய்விடுவார்கள்.

உடனே கண்ணுக்குத் தெரியாத கேடுகளைக் குறிக்கும் படம் இது. புற்றுநோய், இனப்பெருக்கப் பாதிப்பு, மூச்சுக்குழாய் ஒவ்வாமை, உள்ளுறுப்புச் சேதம், மரபணுச் சேதம் ஆகியவற்றுக்கு ஒரே படம்தான். எந்தக் கேடு என்பதை அதன் அருகில் உள்ள வாசகத்தைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இவற்றில் மரபணுச் சேதம் கொஞ்சம் தனித்து நிற்பது. மற்றவை பெரும்பாலும் வேலை செய்தவரின் உடம்போடு, மிஞ்சிப் போனால் வயிற்றில் இருக்கும் பிள்ளையோடு நிற்கும். இது பேரப்பிள்ளை வரைக்கும் போகலாம் என்பதால்தான் இதற்கென்று தனி வகை வைத்தார்கள்.

ஜுரு வட்டாரத்துக்கு இந்தக் கவலை புதிதல்ல. பிறை தொழிற்பேட்டை வளர்ந்த 1970-களில் ஜுரு ஆறு கெட்டு, மீனும் கெராங்கும் குறைந்துவிட்டதாகக் குவாலா ஜுரு மீனவர்கள் குரல் எழுப்பினார்கள். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் அவர்களுக்குத் துணை நின்றது. ஆற்றில் தங்கியவை பெரும்பாலும் நாள்பட நிற்கும் கழிவுகளும் உலோகங்களும். அவற்றை இன்றைக்கும் சேற்றில் தோண்டி அளக்க முடியும். ஆனால் தொழிற்சாலைக்குள் புழங்கும் ஒரு ரசாயன வகை அப்படித் தங்குவதில்லை. காற்றிலோ தண்ணீரிலோ உடம்பிலோ பட்டதும் எதனோடாவது வினைபுரிந்து வேறொன்றாகிவிடும். தடயமே விடாமல் போய்விடும் இந்த வகையைப் பரிசோதித்து, 'இது மரபணுவைக் கெடுக்கும்', 'கெடுக்காது' என்று முத்திரை குத்துவது உலக ஆய்வுக்கூடங்களுக்கே தலைவலி.

முத்திரையின் படிகள்

ரசாயனங்களை வகைப்படுத்த ஐக்கிய நாடுகள் சபை வகுத்த ஜி.எச்.எஸ். என்ற பொதுமுறை இருக்கிறது. மலேசியா அதை 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் கீழ், 2013-இல் வந்த 'கிளாஸ்' விதிமுறைகள் மூலம் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அமல்படுத்துவது மனிதவள அமைச்சின் கீழுள்ள ஜே.கே.கே.பி. என்ற வேலையிடப் பாதுகாப்பு, சுகாதார இலாகா.

இதில் மரபணுக் கேட்டுக்கு மூன்று படிகள். மனிதர்களிடமே பரம்பரைப் பாதிப்பு நிரூபிக்கப்பட்டால் 1ஏ. விலங்குகளின் விந்தணு, கருமுட்டை போன்ற இனப்பெருக்க உயிரணுக்களில் நிரூபிக்கப்பட்டாலோ, உடம்பின் மற்ற உயிரணுக்களில் நிரூபணமாகி இனப்பெருக்க உயிரணு வரை எட்டும் என்பதற்கும் ஆதாரம் இருந்தாலோ 1பி. சந்தேகப்பட இடமிருக்கிறது என்றால் 2. முதல் இரண்டுக்கும் லேபலில் 'பஹாயா' என்று வரும்; மூன்றாவதற்கு 'அமாரான்'. வாசக எண்ணும் மாறும்: எச்340 என்றால் மரபணுக் குறைபாட்டை உண்டாக்கக்கூடும், எச்341 என்றால் உண்டாக்குமோ என்ற சந்தேகம் உண்டு.

கலவையாக வரும் பொருளில் வகை 1 ரசாயனம் 0.1 விழுக்காடு இருந்தாலே முழுக் கலவையும் அந்த முத்திரையைச் சுமக்க வேண்டும். வகை 2 என்றால் 1 விழுக்காடு வரை சலுகை. ஒரு ரசாயனம் எந்தப் படியில் நிற்கிறது என்பதற்குப் பின்னால் இப்படிப் பத்து மடங்கு வித்தியாசம் இருக்கிறது. அதனால்தான் இந்த வகைப்பாட்டுக்காக நிறுவனங்களும் விஞ்ஞானிகளும் ஆண்டுக்கணக்கில் வாதாடுகிறார்கள்.

ஒரு விநோதம்: ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டப் பட்டியலில் இதுவரை ஒரு ரசாயனம்கூட 1ஏ படியில் இல்லை. மனிதர்களிடம் தலைமுறை கடந்த சேதத்தை நிரூபிப்பது அவ்வளவு கடினம். ஹிரோஷிமா, நாகசாகி அணுகுண்டு வீச்சில் உயிர் தப்பியவர்களின் பிள்ளைகளைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்து ஆராய்ந்தும் பரம்பரைப் பாதிப்பு கூடியதாகப் புள்ளிவிவரப்படி உறுதியாகக் காட்ட முடியவில்லை. ஆகவே 1ஏ காலியாக இருப்பதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. அந்தப் படியில் ஏற ஆதாரம் கிடைப்பது அரிது, அவ்வளவுதான்.

வாசலிலேயே வயிறு நிரம்பியவன்

மரபணு எழுதப்பட்டிருக்கும் டி.என்.ஏ. இழையில் எலக்ட்ரான் செறிந்த இடங்கள் உண்டு. எலக்ட்ரான் பசி கொண்ட ரசாயனம் அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடத்தைச் செல் தவறாகப் படித்துப் பிரதி எடுத்தால் எழுத்துப் பிழை. இழையே அறுந்தால் குரோமோசோம் முறிவு. ரசாயனம் முதன்முதலில் மரபணுவைக் கெடுக்கும் என்று காட்டப்பட்டதும் இப்படிப்பட்ட பசிக்காரனை வைத்துத்தான். ஸ்காட்லாந்தின் எடின்பர்க்கில் சார்லட் ஆவர்பாக், ஜே.எம். ராப்சன் இருவரும் போர்க்கால நச்சான கடுகு வாயுவைப் பழ ஈக்களின் மேல் செலுத்தி, அவற்றின் சந்ததியில் மாற்றங்களைக் கண்டார்கள். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்ததால் விஷயம் ரகசியமாக இருந்து, 1946-இல்தான் வெளிவந்தது.

பசி அதிகமானால் ஆபத்தும் அதிகம் என்றுதான் தோன்றும். அது பாதி உண்மை. கல்யாணப் பந்திக்கு வந்த பெரும் பசிக்காரன் வாசலில் இருக்கும் பலகாரத் தட்டையே காலி செய்துவிட்டால் உள்ளே போகமாட்டான். மிக வேகமாக வினைபுரியும் ரசாயனமும் அப்படித்தான். தோலில், கண்ணில், மூக்கில், நுரையீரலில் படும் இடத்திலேயே தண்ணீரோடும் புரதத்தோடும் வினைபுரிந்து தீர்ந்துபோகும். படும் இடம் வெந்துவிடும். எலும்பு மஜ்ஜைக்கும் இனப்பெருக்க உறுப்புக்கும் போய்ச் சேருவது குறைவு. பரம்பரைக் கேட்டைப் பொறுத்தவரை அதிகம் பயப்பட வேண்டியது நடுத்தர வேகம் கொண்டவற்றுக்கு. ரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் சுற்றி வரும் அளவுக்கு நிதானமும், டி.என்.ஏ.யைக் கண்டால் விடாத அளவுக்குப் பசியும் அவற்றுக்கு உண்டு.

இந்த வேறுபாட்டை ஆய்வுக்கூடத்துக் கண்ணாடித் தட்டு காட்டாது. அங்கே வாசலும் இல்லை, பந்தியும் இல்லை. ரசாயனமும் செல்லும் நேருக்கு நேர்.

கண்ணாடித் தட்டில் நடக்கும் தவறுகள்

முதல் சோதனை பெரும்பாலும் ஏம்ஸ் சோதனை. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி வளாகத்தில் புரூஸ் ஏம்ஸ் 1970-களின் தொடக்கத்தில் உருவாக்கியது. ஹிஸ்டிடின் என்ற சத்தைத் தானே தயாரிக்க முடியாதபடி மரபணுவில் பழுது உள்ள சால்மொனெல்லா பாக்டீரியாவை, அந்தச் சத்து கிட்டத்தட்ட இல்லாத தட்டில் விடுவார்கள். அது பெருகாது. ரசாயனத்தைச் சேர்த்த பிறகு புள்ளி புள்ளியாகக் கூட்டங்கள் முளைத்தால், ரசாயனம் அதன் மரபணுவை மாற்றியிருக்கிறது என்று பொருள். சில நாட்களில் முடிவு தெரியும், செலவும் குறைவு. அதனால் உலகம் முழுக்கப் பரவியது.

உடனே வினைபுரியும் ரசாயனம் இந்தத் தட்டில் பல விதமாக ஏமாற்றும். ஆவியாகும் பொருளாக இருந்தால் பாக்டீரியாவைத் தொடுவதற்கு முன் தட்டை விட்டே பறந்துவிடும். மூடிய பாத்திரத்துக்குள் வைத்துச் செய்தால்தான் கணக்கு. கடும் நச்சாக இருந்தால் மரபணு மாறுவதற்குள் பாக்டீரியா செத்துவிடும். செத்த பாக்டீரியா எந்தப் புள்ளியையும் காட்டாது. அதைப் பார்த்துப் பாதகமில்லை என்று எழுதினால் பெரிய பிழை. ஈரல் சாற்றைச் சேர்த்துச் செய்யும் முறையிலும் சிக்கல் உண்டு. உடம்பின் ஈரல் ரசாயனத்தை எப்படி மாற்றும் என்று பார்க்கத்தான் அதைச் சேர்ப்பது. ஆனால் வேக ரசாயனம் அந்தச் சாற்றில் உள்ள புரதங்களோடு வினைபுரிந்து தீர்ந்துபோகலாம். சாறு சேர்த்த தட்டில் புள்ளி குறைந்தால் ஈரல் காப்பாற்றியது என்றும் சொல்லலாம், சாறு இரையானது என்றும் சொல்லலாம்.

கரைப்பானும் கைவரிசை காட்டும். தண்ணீரில் கரையாத அல்லது தண்ணீரோடு வினைபுரியும் பொருளை டி.எம்.எஸ்.ஓ. என்ற திரவத்தில் கரைப்பது ஆய்வுக்கூட வழக்கம். அமிலக் குளோரைடுகள் என்ற வகையைச் சேர்ந்த பல ரசாயனங்கள் ஏம்ஸ் சோதனையில் பாதகம் காட்டியதற்கு இதுவே காரணம் என்று பின்னர் தெரிந்தது. அவை டி.எம்.எஸ்.ஓ.வோடு வினைபுரிந்து புதிதாக ஒரு குளோரின் சேர்மத்தை உண்டாக்கின. மரபணுவை மாற்றியது அந்தச் சேர்மம். வேறு கரைப்பானில் செய்து பார்த்தபோது பெரும்பாலானவை சும்மா இருந்தன. கூட வந்தவன் செய்த திருட்டுக்கு இவன் மாட்டிக்கொண்ட கதை.

தோட்டத்துக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பொருளும் இப்படி மாட்டிக்கொண்டது. பால் ஸ்டோரில் ரப்பர் பாலை உறைய வைக்க ஊற்றுகிறார்களே, ஃபார்மிக் ஆசிட், அதுதான். பாலூட்டி செல்களில் ஃபார்மிக், அசிட்டிக், லாக்டிக் அமிலங்களைப் போட்டபோது குரோமோசோம்கள் முறிந்தன. ஜப்பானிய ஆய்வாளர்கள் 1990-இல் அதே அமிலங்களின் புளிப்பைச் சமன்செய்துவிட்டுப் போட்டுப் பார்த்தார்கள். முறிவு போய்விட்டது. செல்லைச் சுற்றியிருந்த திரவம் அளவுக்கு மீறிப் புளித்ததுதான் முறிவுக்குக் காரணம், அமிலம் டி.என்.ஏ.யைத் தேடிப்போய்த் தாக்கவில்லை. அசிட்டிக் அமிலம் என்பது சமையலறைக் காடியில் இருப்பதே. ஃபார்மிக் ஆசிட் டிரம்மில் அரிக்கும் படம் இருப்பது சரி. கண்ணில் பட்டால் பார்வையைப் பறிக்கும், ஆவியை இழுத்தால் தொண்டை புண்ணாகும். பரம்பரைக் கேடு என்ற பயத்தை அதன் மேல் ஏற்றத் தேவையில்லை.

இதே அமிலம் என்ற பெயரில் சல்ஃபியூரிக் ஆசிட்டையும் சேர்த்து நினைத்துவிடக் கூடாது. அந்த ஆசிட் கலந்த வலுவான அமிலப் புகைமூட்டத்தில் வேலை செய்வதை அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1992-இலேயே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் வைத்தது.

போபால் எழுப்பிய கேள்வி

வேக ரசாயனத்தின் மரபணு ஆபத்தை அவசர அவசரமாகக் கணிக்க வேண்டிய நிலை உலகுக்கு வந்தது போபாலால். 1984 டிசம்பர் 2-ஆம் தேதி இரவு, யூனியன் கார்பைடு பூச்சிக்கொல்லி ஆலையில் தண்ணீர் புகுந்த தொட்டியிலிருந்து சுமார் 40 டன் மெத்தில் ஐசோசயனேட் வெளியேறியது. ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். பிழைத்தவர்கள் கேட்டது எளிய கேள்வி: எங்களுக்குப் பிறக்கும் பிள்ளைகள் நன்றாக இருக்குமா?

இந்த ரசாயனம் தண்ணீரில் நிமிடக் கணக்கில் சிதைந்துவிடும். அதை வைத்துச் சோதனை செய்வதே சவால். அமெரிக்க ஆய்வுக்கூடங்கள் அடுத்த மூன்று ஆண்டுகளில் பல சோதனைகளைச் செய்து முடித்தன. சால்மொனெல்லாவில் பாதகம் தெரியவில்லை. பழ ஈக்களிலும் தெரியவில்லை. சீன வெள்ளெலியின் செல்களில் குரோமோசோம்கள் முறிந்தன. எலியின் ரத்தப் புற்றுச் செல்களில் மரபணு மாற்றம் தெரிந்தது. உயிருள்ள எலிகளை அந்த வாயுவைச் சுவாசிக்க வைத்தபோது நுரையீரல் செல்களில் லேசான மாற்றமும், ரத்த அணுக்களில் தெளிவற்ற விடையும் கிடைத்தன. போபாலில் பிழைத்தவர்கள் சிலரின் ரத்த அணுக்களில் குரோமோசோம் முறிவுகள் இருந்ததாக இந்திய ஆய்வாளர்கள் 1980-களிலேயே பதிவு செய்தார்கள்.

வாசல் கதைப்படி இது நுரையீரலோடு நின்றிருக்க வேண்டும். ஆனால் பிழைத்தவர்களுக்குக் கண், நுரையீரல் தவிர வேறு உறுப்புகளிலும் தொல்லை வந்ததே, எப்படி? 1990-களின் தொடக்கத்தில் ஒரு விளக்கம் கிடைத்தது. உடம்பில் நச்சை மடக்கும் குளூட்டாதயோன் என்ற பொருள் மெத்தில் ஐசோசயனேட்டைப் பிடித்துக்கொள்கிறது. ஆனால் அந்தப் பிடி நிரந்தரமல்ல. ரத்தத்தோடு வேறு இடத்துக்குப் போன பிறகு கை நழுவி, ரசாயனம் மீண்டும் விடுபடுகிறது. காவல்காரனே டாக்சி ஓட்டுநராகிவிட்டான். 'வேகமாக வினைபுரிகிறது, ஆகவே உள்ளே போகாது' என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

இத்தனைக்குப் பிறகும் ஐரோப்பியப் பட்டியலில் மெத்தில் ஐசோசயனேட்டுக்கு மரபணுக் கேடு என்ற முத்திரை இல்லை. சுவாசித்தால் உயிராபத்து, கருவுக்குக் கேடு என்ற சந்தேகம், ஒவ்வாமை என்ற முத்திரைகள்தான் உண்டு. விதி அப்படி. கண்ணாடித் தட்டில் தெரியும் பாதகம் மட்டும் பொதுவாகப் போதாது. உயிருள்ள உடம்பிலும் தெளிவான விடை வேண்டும். அரிக்கும் பொருளை விலங்குக்கு அதிக அளவில் கொடுத்துச் சோதிக்கவும் முடியாது. மரபணுப் பாதிப்பு வெளியே வருமுன் விலங்கு வெந்து சாகும். அதனால் அரிக்கும் அளவில் விலங்குச் சோதனை செய்வதை விதிகளே தவிர்க்கச் சொல்கின்றன. விளைவு, மிகக் கொடிய சில ரசாயனங்கள் இந்த ஒரு கட்டத்தில் மட்டும் வெற்றிடத்தோடு நிற்கின்றன. அந்த வெற்றிடத்துக்குப் 'பாதுகாப்பானது' என்று பொருள் கொள்ளக் கூடாது.

நடுவேகத்தின் ஆபத்து: எத்திலீன் ஆக்சைடு

மருத்துவமனை ஊசி, குழாய், கையுறை போன்றவற்றைச் சூடாக்காமல் கிருமி நீக்கப் பயன்படும் வாயு எத்திலீன் ஆக்சைடு. மருத்துவக் கருவித் தொழில் செழித்த பினாங்கில் இந்தப் பெயரைக் கேட்டவர்கள் நிறைய இருப்பார்கள். தண்ணீரில் இது பாதியளவு சிதையவே ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். மெத்தில் ஐசோசயனேட்டின் நிமிடக் கணக்கோடு ஒப்பிட்டால் மகா நிதானம். உடம்பெல்லாம் சுற்றும், டி.என்.ஏ.யிலும் ஒட்டும். ஆண் எலிகளுக்குச் செலுத்தியபோது அவற்றின் குட்டிகளில் பரம்பரைக் குரோமோசோம் மாற்றங்கள் வந்ததை அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடம் 1980-களில் காட்டியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இதற்கு 1பி முத்திரை. 1994-இல் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் இதை முதல் பிரிவுக்கு உயர்த்தியபோது, புற்றுநோய்க் கணக்கை மட்டும் பார்க்கவில்லை. தொழிலாளர்களின் ரத்த அணுக்களில் இருந்த குரோமோசோம் சேதத்தையும் ஆதாரமாக எடுத்துக்கொண்டது.

இந்த வாயுவுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. அமெரிக்காவில் எட்டு மணி நேர வேலைக்கு அனுமதிக்கப்பட்ட சராசரி அளவு 1 பிபிஎம். மூக்குக்கு வாடை தெரிவதோ சில நூறு பிபிஎம் ஆன பிறகுதான். வாடை வரவில்லை, ஆகவே கசிவில்லை என்று சொல்லும் மேற்பார்வையாளருக்கு இந்த எண்களைக் காட்டலாம். உடம்புக்குள் போனதா என்று ரத்தத்தில் பார்க்க வழியுண்டு. சிவப்பணுவின் ஹீமோகுளோபினிலும் இது ஒட்டிக்கொள்ளும்; சிவப்பணு 120 நாட்கள் வாழும்; ஆகவே கடந்த நான்கு மாதக் கணக்கு ரத்தத்தில் எழுதியிருக்கும்.

உணவு விவகாரத்திலும் இந்தப் பெயர் அடிபட்டது. 2023 ஏப்ரலில் மலேசியாவில் தயாரான வெள்ளைக்கறி மீ பொட்டலத்தில் இது இருந்ததாகத் தைப்பே சுகாதாரத் துறை அறிவித்தது. 2024 ஏப்ரலில் இந்திய மசாலாத் தூள்கள் சிலவற்றை ஹாங்காங்கும் சிங்கப்பூரும் விற்பனையிலிருந்து எடுக்கச் சொன்னதும் இதற்காகவே. மசாலாவில் கிருமி நீக்க இந்த வாயுவைச் செலுத்தும் வழக்கம் சில நாடுகளில் உண்டு. உணவில் உள்ள உப்போடு வினைபுரிந்து இது பெரும்பாலும் 2-குளோரோஎத்தனாலாக மாறிவிடும். அதனால் பல நாட்டுச் சோதனைகள் இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாகச் சொல்கின்றன. செய்தியில் வரும் எண் முழுக்க எத்திலீன் ஆக்சைடாகவே இருக்க வேண்டியதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மாறிய பொருளின் மரபணு ஆபத்து குறித்து விஞ்ஞானிகளிடையே இன்னும் வாதம் ஓடுகிறது.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் நிற்பது ஃபார்மால்டிஹைடு. பிளைவுட் பசையிலும் பிணம் பதப்படுத்துவதிலும் பயன்படும் இது நம் உடம்பே சிறிதளவு தயாரிக்கும் பொருள். வெளியிலிருந்து வந்ததையும் உள்ளே உண்டானதையும் பிரித்தறிய, வட கரோலினா பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஸ்வென்பெர்க் குழுவினர் அடையாள அணுக்கள் பொருத்திய ஃபார்மால்டிஹைடை எலிகளைச் சுவாசிக்க வைத்தார்கள். 2010-இல் வெளியான முடிவுப்படி வெளியிலிருந்து வந்தது மூக்கின் டி.என்.ஏ.யில் ஒட்டியிருந்தது, எலும்பு மஜ்ஜையில் காணவில்லை. ஐரோப்பியப் பட்டியலில் இது புற்றுநோய்க்கு 1பி, மரபணுக் கேட்டுக்கு மட்டும் 2. ஒரே பொருள் ஒரு கட்டத்தில் மேலேயும் இன்னொரு கட்டத்தில் கீழேயும் நிற்பதன் காரணம் இந்த வாசல் கணக்குத்தான். 2 என்று பார்த்து லேசாக எடுத்துக்கொண்டால் மூக்குதான் விலை கொடுக்கும்.

கிம் கிம் ஆற்றின் பட்டியல்

மலேசியர்கள் மறக்க முடியாத சம்பவம் ஜொகூரில் நடந்தது. 2019 மார்ச் 7-ஆம் தேதி பாசிர் கூடாங் கிம் கிம் ஆற்றில் ரசாயனக் கழிவு கொட்டப்பட்டது தெரியவந்தது. மாணவர்கள் மயங்கி விழுந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை பெற்றார்கள். 111 பள்ளிகள் மூடப்பட்டன. காற்றில் கண்டறியப்பட்டதாக அப்போதைய அமைச்சர் இயோ பீ யின் அறிவித்த பட்டியலில் பென்சீன், அக்ரோலின், அக்ரிலோநைட்ரைல், ஹைட்ரஜன் குளோரைடு, மீத்தேன், டொலுவீன், சைலீன், எத்தில்பென்சீன், டி-லிமோனீன் இருந்தன.

அந்தப் பட்டியலை மரபணுக் கேட்டு முத்திரையோடு ஒப்பிட்டால் ஒரு பாடம் கிடைக்கும். ஐரோப்பியப் பட்டியல்படி இவற்றில் 1பி முத்திரை உள்ளது பென்சீனுக்கு மட்டும். பென்சீன் உண்மையில் வேகமானதே அல்ல. உடம்புக்குள் ஈரலில் மாறிய பிறகுதான் கடிக்கும். எல்லாவற்றிலும் துடிப்பான அக்ரோலின், 1 பிபிஎம்முக்கும் குறைவாகவே கண்ணை எரிய வைப்பது, இந்தக் கட்டத்தில் முத்திரையின்றி இருக்கிறது. சிகரெட் புகையிலும், அளவுக்கு மீறிக் காய்ந்த சமையல் எண்ணெய்ப் புகையிலும் அது இருக்கிறது. பாக்டீரியாவை அது கொல்லும் வேகத்தில் ஏம்ஸ் சோதனை விடைகள் முன்னுக்குப் பின் முரணாக வந்தன. பின்னர் 2020-இல் கூடிய புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தின் நிபுணர் குழு, விலங்கு ஆதாரத்தோடு அது டி.என்.ஏ.யைத் தாக்கும் விதத்தையும் சேர்த்துப் பார்த்து, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க அதிக வாய்ப்புள்ள 2ஏ பிரிவில் வைத்தது. அக்ரிலோநைட்ரைல் 2024-இல் முதல் பிரிவுக்கே போனது. 2019-இல் அந்தக் காற்றைச் சுவாசித்த பிள்ளைகளுக்கு அன்று சொல்லப்பட்ட வகைப்பாடும் இன்றைய வகைப்பாடும் ஒன்றல்ல. ரசாயனம் மாறவில்லை, அதைப் பற்றிய அறிவு மாறியது.

தொழிலாளியின் கையில் உள்ள தாள்

ஒவ்வொரு ஆபத்தான ரசாயனத்துக்கும் எஸ்.டி.எஸ். என்ற பாதுகாப்புத் தரவுத் தாளை விற்பவர் தர வேண்டும். முதலாளி அதைத் தொழிலாளி பார்க்கும்படி வைத்திருக்க வேண்டும். சட்டம் கேட்பது மலாயும் ஆங்கிலமும் மட்டும். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த தோட்டத்து மூத்தவர்களுக்குப் பிள்ளைகள்தான் படித்துச் சொல்ல வேண்டும்.

16 பகுதிகள் உள்ள அந்தத் தாளை முழுக்கப் படிக்க முடியாவிட்டாலும் இரண்டை விடக் கூடாது. இரண்டாம் பகுதியில் எச்340, எச்341 எண்களோ மலாயில் 'கெனெதிக்' என்ற சொல்லோ இருக்கிறதா என்று பார்க்கலாம். பதினோராம் பகுதி நச்சியல் விவரம். அங்கே மூன்று விதமாக எழுதியிருப்பார்கள். மூன்றும் வேறு வேறு. 'சோதித்ததில் பாதகம் இல்லை' என்பது ஒன்று. 'ஆதாரம் வகைப்படுத்தப் போதாது' என்பது இன்னொன்று. 'தரவு இல்லை' என்றால் யாரும் சோதிக்கவில்லை அல்லது சோதிக்க முடியவில்லை. வேக ரசாயனங்களின் தாளில் கடைசி இரண்டும்தான் அதிகம் வரும். அப்படி வந்தால், சோதித்தது எந்த முறையில், மூடிய பாத்திரத்திலா, எந்தக் கரைப்பானில் என்று பாதுகாப்பு அதிகாரி வழியாக விற்பவரிடம் கேட்கத் தடையில்லை. பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை என்பது வேறு விஷயம்.

லேபல் ரசாயனத்தின் குணத்தைச் சொல்கிறது. அது எவ்வளவு உடம்புக்குள் போகிறது என்பது வேலையிடத்தைப் பொறுத்தது. அதற்குத்தான் 2000-ஆம் ஆண்டின் யு.எஸ்.இ.சி.எச்.எச். விதிமுறைகள் இருக்கின்றன. அவற்றின்படி ஜே.கே.கே.பி.யில் பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் வேலையிடத்தின் ரசாயன ஆபத்தை மதிப்பிட வேண்டும்; ஐந்து ஆண்டு கடந்தாலோ வேலைமுறை பெரிதாக மாறினாலோ மறுபடியும் செய்ய வேண்டும். மதிப்பீட்டில் தேவை என்று வந்தால் தொழிலாளிக்கு மருத்துவக் கண்காணிப்பு கட்டாயம். அந்தப் பதிவுகளை 30 ஆண்டுகள் பத்திரப்படுத்தச் சட்டம் சொல்கிறது. தொழில்நோய்க்காகச் சொக்சோவில் 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணைப்படி மனு செய்பவருக்கு, எந்த ரசாயனத்தில், எத்தனை ஆண்டு, என்ன அளவில் வேலை செய்தார் என்பதைக் காட்ட அந்தப் பதிவுதான் கைகொடுக்கும். வேலையை விட்டு நிற்கும்போதே அதன் நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. ஆலை கைமாறிய பிறகு தேடினால் பழைய கோப்பு எங்கே என்று தெரியாமல் போகலாம்.